ஸ்ட்ரெச்சருக்கு முன், ஸ்ட்ரெச்சருக்குப் பின்!

உங்கள் பர்ஸை ஒரு நிமிடம் வெளியே எடுங்கள். பயப்படாதீர்கள், கைமாற்று கேட்கப் போவதில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

ஏ.டி.எம். கார்டு இரண்டு. அதில் ஒன்றில் மினிமம் பாலன்ஸ்கூட இல்லை. டிரைவிங் லைசென்ஸ். ஆபீஸ் அடையாள அட்டை. அதிலுள்ள போட்டோவைக் காட்டினால் பெற்ற தாயே 'யாருப்பா இது?' என்பாள். குலதெய்வத்தின் படம். மடித்து மடித்து நைந்துபோன பத்து ரூபாய் நோட்டு.

சரி. நாளைக் காலை அண்ணா சாலையில் ஒரு தண்ணீர் லாரி உங்களைச் செல்லமாக உரசிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில், "பணம் யார் கட்டுவாங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய கார்டு ஏதாவது அந்தப் பர்ஸில் இருக்கிறதா?

"வாயைக் கழுவுங்க ஸார்!"

கழுவிவிட்டேன். கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

வேடிக்கையைப் பாருங்கள். உங்கள் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் சிக்னலில் மடக்கிவிடுவார்கள். 2018 செப்டம்பர் முதல், புதிதாக டூ வீலர் வாங்கினால் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றே சட்டம். ஓட்டுகிற சொந்தக்காரருக்கும் 15 லட்ச ரூபாய்க்கு விபத்துக் காப்பீடு உண்டு. ஆஹா என்று மகிழ்வதற்குள், எப்போது கொடுப்பார்கள் என்று பொடி எழுத்தில் படியுங்கள். ஆள் இறந்தால், அல்லது நிரந்தரமாகக் கை கால் விளங்காமல் போனால். காலை முறித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டு எழுந்து வந்தால், அந்த பில் உங்களுடையது. சுருக்கமாகச் சொன்னால், செத்தால் பணம், பிழைத்தால் கடன்!

டீக்கடைப் பட்டிமன்றம்

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவன் சிறிய கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். இன்னொருவன் மெடிக்கல் ரெப். இரண்டு பேரையும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் போதும், டி.வி.யில் பட்டிமன்றம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இலவசமாக நடக்கும். (டீக்குக் காசு நடுவர் கொடுக்க வேண்டும். நடுவர் நான்.)

அக்கவுண்ட்ஸ் ஆரம்பிப்பான்: "சோப்பு வாங்கினா வரி, சட்டை வாங்கினா வரி, பெட்ரோல் போட்டா வரி. இவ்வளவு கட்டறோம்ல மாப்ளே? அப்புறம் வைத்தியம் பாக்கறது கவர்மென்ட் வேலைதானே? நான் எதுக்குத் தனியா பிரீமியம் கட்டி அழணும்?"

ரெப் விடுவானா? "நீ தினம் நாலு சிகரெட் ஊதுவே. ராத்திரி பன்னெண்டு மணிக்கு சால்னாவை ஊத்திப் பரோட்டா பிச்சுப் போடுவே. லிஃப்ட் இருந்தா ஒரு மாடிகூட ஏற மாட்டே. நெஞ்சு வலிச்சா மட்டும் ஊர்ல இருக்கறவன் எல்லாம் சேர்ந்து பில்லு கட்டணுமா? அவனவன் உடம்பு, அவனவன் பொறுப்பு!"

இரண்டு கட்சிக்கும் பெஞ்சில் கைதட்டல் விழும். கேட்கும்போது இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும்.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்ப்பான். இவர்களுடைய வழக்கையும் அப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டு பேருமே ஒரு காலத்தை நிரப்ப மறந்திருக்கிறார்கள். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முதல் காலம் அதுதான். தேதி!

யார் பொறுப்பு என்று கேட்பதற்கு முன், எப்போது என்று கேட்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஏறுவதற்கு முன்னாலா, ஏறிய பிறகா? முன்னால் என்றால் ரெப் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. பிறகு என்றால் அக்கவுண்ட்ஸ் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. இந்தத் தேதியைப் போடாமல் விவாதித்தால், விடிய விடிய டீ செலவுதான்.

படுத்தவன் பேரம் பேச முடியாது

ரங்கநாதன் தெருவில் ஒரு சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். துணியைக் கசக்கிப் பார்க்கிறோம். "போன வாரம் இதே சட்டை முந்நூறு ரூபாய்னு சொன்னீங்களே" என்று கூசாமல் அளக்கிறோம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடை.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவன் இதைச் செய்ய முடியுமா? "டாக்டர், ஒரு நிமிஷம் வலியை நிறுத்தி வையுங்க. எதிர்த்த ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ என்ன ரேட்டுன்னு விசாரிச்சுட்டு வந்துடறேன்!" அவனுக்குத் தெரிந்தது கூரையில் ஓடும் டியூப் லைட்டுகள் மட்டும். வெளியே அவன் மனைவி நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவனைப் பார்த்து 'தனி மனிதப் பொறுப்பு' என்று பேசுவது, கிணற்றில் விழுந்தவனுக்கு நீச்சல் புத்தகம் கொடுக்கிற கதை.

அங்கேதான் அரசாங்கம் வர வேண்டும். வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்ணெதிரே உதாரணங்கள் இருக்கின்றன.

2017 பிப்ரவரியில் இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு கட்டியது. அதுவரை மருந்து தடவிய ஸ்டென்ட் ஒரு லட்ச ரூபாய்க்கு மேலேயும் போய்க்கொண்டிருந்தது. அது ஒரே நாளில் 29,600 ரூபாய் ஆனது. மருந்து தடவாத சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய். எந்த நோயாளியாவது படுக்கையிலிருந்து பேரம் பேசி இந்த விலைக்குக் கொண்டு வந்திருக்க முடியுமா? அரசின் உத்தரவு ஒன்று வந்தது, முடிந்தது.

இன்னொன்று, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் ஆரம்பித்தார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மாத்திரை மருந்துகளை மொத்தமாக டெண்டர் விட்டு ஒரே இடத்தில் வாங்குவது இதன் வேலை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் நம் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் உள்ள ஒதுக்கீட்டுக்கு மருந்தை எடுத்துக்கொள்ளலாம். பத்து மாத்திரை வாங்குகிறவனுக்குக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கோடிக்கணக்கில் வாங்குகிறவருக்கு நாற்காலி போட்டு விலையைக் குறைப்பார். வியாபாரத்தின் பால பாடம் இது. நோயாளிகளுக்காக அதைச் செய்ய அரசாங்கத்தால்தான் முடியும்.

நம் தண்ணீர் லாரிக்கு வருவோம். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரம் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் காசில்லாமல் சிகிச்சை. தொடங்கும்போது ஒரு லட்ச ரூபாய் வரை என்று வைத்தார்கள். 2025 மே மாதம் மத்திய அரசும் நாடு முழுவதற்கும், விபத்து நடந்ததிலிருந்து ஏழு நாள், ஒன்றரை லட்ச ரூபாய் வரை என்று ஒரு திட்டத்தை அறிவிக்கை செய்தது. 'நீ ஹெல்மெட் போட்டாயா, உன் சம்பளம் என்ன?' என்ற விசாரணையெல்லாம் பிறகு. முதலில் உயிர். சரியான வரிசை அதுதான்.

இதெல்லாம் புதுசாக யாருக்கோ உதித்த யோசனை என்று நினைக்காதீர்கள். சுதந்திரத்துக்கு முன்பே, 1946-ல், போர் கமிட்டி அறிக்கை கொடுத்தது. (சண்டை போடுகிற போர் அல்ல, ஸர் ஜோசப் போர் என்பவர் தலைவர்.) நம் ஊர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். பணம் கொடுக்க வழியில்லை என்பதற்காக யாருக்கும் தக்க சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்பது அந்த அறிக்கையின் முதல் கொள்கை. நாடு பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்த பற்றுச்சீட்டு அது. இன்னும் முழுசாக வசூலாகவில்லை.

நடுவில் நிற்கிறவர்

யாருக்கு வசூலாகவில்லை? அதுதான் சுவாரஸ்யம்.

கீழ்த்தட்டில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் சேர்ந்தது. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்ச ரூபாய் வரை. ஆட்சிகள் மாறின, பெயர் மாறியது, திட்டம் நின்றுவிடவில்லை. நம் அரசியலில் இது அபூர்வம். ஆனால் வருமான வரம்பு உண்டு. முதலில் வருஷத்துக்கு 72,000 ரூபாய். பிறகு 1,20,000 ஆக்கினார்கள். அதாவது மாசம் பத்தாயிரம்.

சம்பளக்காரருக்கு இ.எஸ்.ஐ. 1948-ல் சட்டம். 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடக்கம். 2017-ல் சம்பள வரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கை முக்கால் சதவீதமாகவும் முதலாளி பங்கை மூன்றே கால் சதவீதமாகவும் குறைத்தார்கள். இருபதாயிரம் சம்பளம் என்றால் உங்கள் பாக்கெட்டிலிருந்து 150 ரூபாய், முதலாளி பாக்கெட்டிலிருந்து 650. மொத்தம் 800 ரூபாயில் குடும்பத்துக்கே வைத்தியம். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் இதில் அடக்கம். அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று பேரின் பொறுப்பையும் ஒரே சம்பளச் சீட்டில் அடக்கிய அழகான ஏற்பாடு.

மேல்தட்டுக்குப் பெரிய கம்பெனிகளின் குரூப் இன்ஷூரன்ஸ்.

இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. ஏழை என்று சர்ட்டிபிகேட் வாங்க முடியாத, பணக்காரன் என்று சொன்னால் வீட்டுக்காரரே சிரிக்கிற கூட்டம். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இப்படி எந்தக் காப்பீடும் இல்லாமல் நடுவில் விடுபட்டவர்கள் நாட்டில் முப்பது சதவீதம், சுமார் 40 கோடிப் பேர் என்றது. சின்னக் கம்பெனி குமாஸ்தா, கடை வைத்திருப்பவர், சொந்தக் கார் ஓட்டும் டிரைவர், என்னைப் போல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவர்கள் எல்லாம் இதில் வருவோம். (என் ஆபீஸில் முதலாளியும் நானே, பியூனும் நானே. ஆகவே பிரீமியமும் நானே.)

அக்கவுண்ட்ஸ் நண்பன் இந்தப் பள்ளத்தில் விழுந்த கதையைச் சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம் அவனுக்கு இன்க்ரிமென்ட் வந்தது. சம்பளம் 21,000-ஐத் தாண்டி 22,500 ஆனது. ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். இ.எஸ்.ஐ.யில் அரையாண்டுக் கணக்கு என்பதால் செப்டம்பர் வரை பிடித்தார்கள். அக்டோபர் சம்பளச் சீட்டில் அந்த வரி காணாமல் போனது. "நூத்தைம்பது ரூபா மிச்சம்டா!" என்றான்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், அவன் அப்பாவுக்கு நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டியது. பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினார்கள். ஆஞ்சியோ, பிறகு ஒரு ஸ்டென்ட். மனிதர் பிழைத்துவிட்டார். பில் இரண்டே முக்கால் லட்சம்.

அந்த பில்லை நான்தான் வரி வரியாகப் படித்தேன். ஸ்டென்ட்டுக்கு அரசு கட்டிய விலைதான் போட்டிருந்தார்கள். ஒரு பைசா கூட இல்லை. ஆனால் அறை வாடகை, லேப், டாக்டர் விசிட், 'இதர பொருட்கள்' என்று மீதி இருந்த இரண்டு பக்கத்துக்கும் எந்த உச்சவரம்பும் கிடையாது. ஒரு கதவைச் சாத்தினால் காற்று ஜன்னல் வழியாக வருகிறது. அரசாங்கம் வேலையைப் பாதியில் விட்டால் இப்படித்தான்.

ஆபீஸ் அட்வான்ஸ், மச்சானிடம் கைமாற்று, அவன் மனைவியின் நாலு பவுன் சங்கிலி. சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் வட்டி கட்டிவிட்டு வருகிறான். நூற்றைம்பது ரூபாய் மிச்சத்தின் கதை இதுதான். இப்போது அவன் டீக்கடையில் 'கவர்மென்ட் எதுக்கு இருக்கு?' என்று கத்துவது உங்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

சரி, பொறுப்பு பேசுகிற ரெப்? அவனுக்குக் கம்பெனி ஐந்து லட்சத்துக்கு குரூப் பாலிசி எடுத்திருக்கிறது. பிரீமியம் எவ்வளவு என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டேன்: "நாளைக்கு வேலையை விட்டா?" டீயைக் குடித்துக்கொண்டே இருந்தான். பதில் வரவில்லை.

'ஜி.எச். இருக்கே, எல்லாருக்கும் திறந்துதானே இருக்கு?' என்பீர்கள். உண்மை. சென்னை ஜி.எச். 1664 முதல் இருக்கிறது. அங்கே வருமானச் சான்றிதழ் கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நம்மில் பல பேர் அந்த வாசலை மிதிக்காததற்குக் கூட்டம் ஒரு காரணம், கௌரவம் இன்னொரு காரணம். அந்த இரண்டாவது காரணத்தை மட்டும் தயவுசெய்து அரசாங்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஸ்ட்ரெச்சருக்கு முன்: உங்கள் வேலை

இப்போது நம் பக்கம். இதை அரசாங்கம் செய்து கொடுக்க முடியாது.

ஒன்று, நல்லா இருக்கும்போதே பாலிசி எடுங்கள். மழை வந்த பிறகு குடை விற்க எந்தக் கம்பெனிக்கும் பைத்தியமில்லை. புது பாலிசியில் விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருஷம் வரை காக்க வைக்கலாம் என்பது 2024 முதல் விதி. முன்பு நாலு வருஷம். இருபத்தைந்து வயதில் எடுத்தால் இந்தக் காத்திருப்பெல்லாம் உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள். முன்பு பத்தாயிரம் ரூபாய் பிரீமியத்துக்கு 1,800 ரூபாய் வரி. 'வரி போடறானே' என்ற சாக்கும் போயிற்று.

இரண்டு, ஃபாரத்தில் உண்மையை எழுதுங்கள். சுகர் இருந்தால் சுகர் என்று எழுதுங்கள். ஏஜென்ட், "அதெல்லாம் எழுதாதீங்க ஸார், பிரீமியம் ஏறிடும்" என்பார். கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். இடைவெளி இல்லாமல் ஐந்து வருஷம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய 'நீ அன்றைக்கு மறைத்தாய்' என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. ஒரு வருஷம் கூட பிரீமியத்தை நழுவவிடாதீர்கள்.

மூன்று, அறை வாடகை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மூன்று லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை ஒரு சதவீதம் என்று போட்டிருக்கிறது, அதாவது நாளுக்கு 3,000. நீங்கள் கெத்தாக 6,000 ரூபாய் ஏ.ஸி. அறையில் நாலு நாள் படுக்கிறீர்கள். 'கூடுதல் 12,000-ஐ நான் கட்டிக்கறேன்' என்று நினைப்பீர்கள். அங்கேதான் பொறி. அனுமதித்ததைப் போல் இரண்டு மடங்கு அறை என்பதால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றிலும் பாதிதான் கொடுப்பார்கள். அறை 24,000-க்கு 12,000. டாக்டர், தியேட்டர் 1,20,000-க்கு 60,000. மருந்தும் உடம்புக்குள் வைக்கும் பொருளும் 56,000. அதற்கு மட்டும் முழுசாக. இரண்டு லட்ச ரூபாய் பில்லில் 1,28,000 வரும். உங்கள் கையிலிருந்து போவது 12,000 அல்ல, 72,000. ஏ.ஸி. காற்று அவ்வளவு விலை! பாலிசி எடுக்கும்போதே அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள்.

நான்கு, ஆபீஸ் பாலிசியை நம்பி வீடு கட்டாதீர்கள். அது நாற்காலிக்கு உரியது, உங்களுக்கு அல்ல. நாற்காலியை விட்டு எழுந்தால் அதுவும் போயிற்று. சொந்தமாக ஒன்று சின்னதாகவாவது இருக்கட்டும். வேலையை விடுகிற நாளில், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள்.

ஐந்து, பிரஷரும் சுகரும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்றது. இன்னும் 13.6 கோடிப் பேர் வாசல்படியில் நிற்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டு வந்து கொடுப்பது அரசின் பொறுப்பு. விழுங்குவது? வாயும் நம்முடையது, தொண்டையும் நம்முடையது.

ஆறு, மறுத்தால் விடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கோபத்தை டீக்கடையில் செலவழிப்பதற்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளில் செலவழியுங்கள்.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

'பத்து வருஷம் கட்டினேன், ஒரு நாள்கூடப் படுக்கலை, பணம் எல்லாம் வேஸ்ட்!' என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. ஏலச்சீட்டுப் பழக்கம் நமக்கு. கட்டினால் ஒருநாள் எடுக்க வேண்டும். ஆனால் இந்தச் சீட்டில் எடுக்காமல் இருப்பவன்தான் அதிர்ஷ்டசாலி. உங்கள் பணம் எங்கேயும் போகவில்லை. யாரோ ஒருவருடைய அப்பா நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆனால் ஆரோக்கியமான இளைஞர்கள் யாருமே சேராமல், வியாதிக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் சீட்டு உடைந்துவிடும். அதனால்தான் பல நாடுகளில் இதை விருப்பத்துக்கு விடவில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-லேயே தொழிலாளர்களுக்குக் கட்டாயமாக்கினார். மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. அமெரிக்காவில் 2010-ல் சட்டம் போட்டு, 2014 முதல் இன்ஷூரன்ஸ் இல்லாதவருக்கு அபராதம் விதித்தார்கள். பெரிய சண்டை. 2019 முதல் அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பிரிட்டன் 1948 ஜூலை 5 முதல் வரிப் பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் என்று வேறு வழியில் போனது. வழி எதுவானாலும் அடிப்படை ஒன்றே. நல்லா இருக்கிறவன் இன்று கொடுக்கிறான், நாளைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையோடு.

'சிகரெட் பிடிக்கிறவனுக்கு நான் ஏன் கட்டணும்?' என்கிற ரெப்பின் கேள்வி மிச்சமிருக்கிறது. பிரீமியத்தில் அவனுக்குக் கொஞ்சம் கூடப் போடுங்கள், சிகரெட்டுக்கு வரியை ஏற்றுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அக்கவுண்ட்ஸ் நண்பனின் அப்பா பீடி, சிகரெட் தொட்டதில்லை. காலையில் நாலு கிலோமீட்டர் நடப்பவர். வியாதி எல்லோரிடமும் நன்னடத்தை சர்ட்டிபிகேட் கேட்டுவிட்டு வருவதில்லை. ஸ்ட்ரெச்சரில் இருப்பவரிடம் நாமும் கேட்க வேண்டாம்.

பேலன்ஸ் ஷீட்

நிலைமை மாறாமலும் இல்லை. 2013-14-ல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் நூற்றுக்கு 64 ரூபாய் மக்கள் நேராகக் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-ல் அது 39 ரூபாய் சொச்சம். இது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு. இறங்கியிருப்பது சந்தோஷம். ஆனால் மீதி 39 ரூபாய் யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத்தை எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், மத்திய அரசு விரிவாக்கியது. வரம்பு வைக்காமலும் திட்டம் போட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. அப்பா, அம்மாவுக்கு அந்த வயது ஆகியிருந்தால் உங்கள் ஊரில் எப்படிப் பதிவது என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

எழுபதுக்குக் கீழே இருக்கிற நடுத்தரத்துக்காக நான் கேட்பது இலவசம் அல்ல. வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டால் கதவைச் சாத்தாதே. எங்கள் பங்கை வாங்கிக்கொண்டு அதே திட்டத்தில் உள்ளே விடு. சம்பளம் ஏறினால் இ.எஸ்.ஐ.யை அறுத்துவிடாதே; பங்கைக் கூட்டி வாங்கிக்கொள். ஸ்டென்ட்டுக்கு விலை கட்டினாய் அல்லவா, அந்த பில்லின் மற்ற இரண்டு பக்கத்தையும் ஒருதரம் புரட்டிப் பார். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மிக்ஸி, கிரைண்டர் பற்றிக் கேட்கிறோம். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

அது அவர்கள் பக்கம். நம் பக்கத்துக்கு யாரும் ஓட்டுக் கேட்டு வர மாட்டார்கள். ஃபாரத்தை நிரப்ப வேண்டியவர், பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டியவர், பொடி எழுத்தைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கணக்கில் எல்லாக் காலத்தையும் நாமே நிரப்பலாம். தொகையை நிரப்பலாம், விவரத்தை நிரப்பலாம். அந்த முதல் காலம், தேதி இருக்கிறதே, அதை மட்டும் வேறு யாரோ வந்து எழுதுகிறார்கள். முன்கூட்டிச் சொல்வதும் இல்லை. மற்றதையெல்லாம் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், பிரதர்!